உறக்கமும் ஓர் அமானிதம்

(ரமளானை முன்னிட்டு நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வழக்கமாக இந்த மேடையில் கல்வி உதவித்தொகை, வட்டியில்லாக் கடன், மருத்துவ உதவி என்றுதான் பேசுவோம். இன்று உறக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆயுளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிற ஒன்றைப் பற்றி நாம் ஒருநாளும் கூடிப் பேசியதில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் மக்தப் உஸ்தாத் சென்ற மாதம் கமிட்டியிடம் ஒரு கோரிக்கை வைத்தார். காலை ஆறரை மணி வகுப்பில் பிள்ளைகள் குர்ஆனுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்கள், அடித்து எழுப்பவும் மனம் வரவில்லை, நேரத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டார். தள்ளி வைத்தால் பள்ளிக்கூட வேன் வந்துவிடும். மக்தபே நின்றுபோகும். ஆகவே கமிட்டி உறுப்பினர்கள் வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: பிள்ளை இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறது? "பதினொன்று ஆகிவிடும்" என்றார்கள். "அவங்க அத்தா கடையை அடைத்துவிட்டு வந்த பிறகுதான்" என்றார்கள். "செல்போன் சார்ஜ் தீர்ந்த பிறகு" என்று சிரித்தார்கள் சிலர்.

அப்போது எங்களுக்குப் புரிந்தது, கோளாறு காலை ஆறரை மணியில் இல்லை, முந்தைய இரவில் இருக்கிறது என்று. ஒரு முடிவெடுப்பதற்கு முன் உறக்கம் என்பது என்ன என்று நாம் எல்லோரும் சேர்ந்து தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

ஓர் இரவுக்குள் நடப்பது

தூங்கும்போது மூளையும் தூங்கிவிடுகிறது என்றுதான் உலகம் நெடுங்காலம் நினைத்தது. 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர், மனித மூளையிலிருந்து எழும் மிக நுண்ணிய மின்னலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்து காட்டினார். இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பதுபோல் மூளைக்கு எடுப்பது. அந்தக் கருவி வந்த பிறகுதான் தூங்குகிற மூளை சும்மா இருப்பதில்லை என்று தெரிந்தது.

அடுத்த பெரிய கண்டுபிடிப்பு 1953இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர், தம் எட்டு வயது மகனைத் தூங்க வைத்து, அவன் கண்ணசைவையும் மூளை அலைகளையும் இரவு முழுவதும் பதிவு செய்து பார்த்தார். ஆழ்ந்து தூங்குகிற பையனின் மூடிய இமைகளுக்குள் விழிகள் திடீரென்று வேகமாக ஓடின. மூளை அலைகளோ விழித்திருப்பவனுடையதைப் போல இருந்தன. கருவிதான் பழுது என்று முதலில் நினைத்தார். பிறகு பெரியவர்களிடமும் சோதித்தபோது அதே நிலை வந்தது. அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். தம் ஆசிரியர் நதானியேல் கிளைட்மனோடு சேர்ந்து அவர் அதை வெளியிட்டார். அதைத்தான் இன்று விழியசைவு உறக்கம், ஆங்கிலச் சுருக்கத்தில் 'ரெம்' உறக்கம் என்கிறார்கள்.

இன்று மருத்துவர்கள் உறக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலை, கண் சொருகுகிற நேரம். சில நிமிடம்தான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "நான் தூங்கவே இல்லையே" என்போமே, அது. இரண்டாவது நிலை, மென்மையான உறக்கம். உடல் சூடு குறைகிறது, இதயத் துடிப்பு மெதுவாகிறது. பெரியவர்களுக்கு இரவில் ஏறத்தாழ பாதி இந்த நிலையில்தான் கழிகிறது. மூன்றாவது நிலை, ஆழ்ந்த உறக்கம். மூளை அலைகள் பெரிதாக, மெதுவாக எழுந்து அடங்குகின்றன. இந்த நேரத்தில் எழுப்பினால் எந்த ஊர், எந்த வேளை என்றே தெரியாமல் விழிப்போம். பிள்ளைகளின் வளர்ச்சிக்கான ஹார்மோன் அதிக அளவில் சுரப்பது இந்த ஆழ்ந்த உறக்கத்தில்தான். நான்காவது நிலை, கனவுகள் நிறைந்த விழியசைவு உறக்கம்.

இந்த நான்கும் சேர்ந்த ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம் ஆகும். ஓர் இரவில் நான்கு முதல் ஆறு சுற்றுகள் வரும். ஆனால் எல்லாச் சுற்றும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி இரவின் முற்பகுதியில் வந்துவிடும். விழியசைவு உறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆகவே ஏழு மணி நேரம் தூங்க வேண்டியவர் நான்கு மணி நேரத்தில் எழுந்தால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறையும் என்று எண்ண வேண்டாம். கடைசிச் சுற்றுகளில் வர வேண்டியது பெரும்பாலும் வராமலே போய்விடுகிறது.

ஹிஃப்ழு செய்யும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். 1924இலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்து, பிறகு சிலமுறை தூங்கவிட்டும் சிலமுறை விழித்திருக்க வைத்தும் கேட்டார்கள். தூங்கி எழுந்தபோதுதான் அதிகம் நினைவில் நின்றது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகள், படித்தது மனத்தில் படிவதற்கு உறக்கம் தேவை என்று காட்டியிருக்கின்றன. இரவு சபக்கை ஓதிவிட்டு நேரத்தோடு படுக்கிற பிள்ளைக்கு, உறங்குகிற நேரமும் மனனத்துக்கு உதவுகிறது. பன்னிரண்டு மணி வரை விழிக்க வைத்து ஓதவைப்பது ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குவது.

தொட்டாற்சிணுங்கியும் குகையும்

எவ்வளவு தூங்குகிறோம் என்பது ஒரு பக்கம். எப்போது தூங்குகிறோம் என்பது இன்னொரு பக்கம். நாள் முழுவதும் பகலில் எட்டு மணி நேரம் தூங்கினாலும் இரவுத் தூக்கம் போல இல்லையே என்று இரவு வேலைக்குப் போகும் சகோதரர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். காரணம், உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது நம் ஊர் வேலியோரம் கிடக்கும் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி. பகலில் இலை விரித்து இரவில் மடக்கும். வெயில் படுவதால் அப்படிச் செய்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1729இல் பிரான்ஸ் நாட்டில் தெ மைரான் என்ற வானியல் அறிஞர் அந்தச் செடியை இருட்டில் பூட்டி வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாமலும் அது பகலில் விரிந்தது, இரவில் மடங்கியது. நேரத்தை அது உள்ளிருந்தே அறிந்திருந்தது.

மனிதனுக்கும் அப்படித்தானா? 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் கைக்கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் இறங்கி இரண்டு மாதம் தனியாக இருந்தார். சூரியன் இல்லை, நாள்காட்டி இல்லை. பசித்தபோது சாப்பிட்டார், தூக்கம் வந்தபோது தூங்கினார். செப்டம்பர் 14ஆம் தேதி வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்று அவர் கணக்கு வைத்திருந்தார். மனத்தின் கணக்கு அவ்வளவு பிசகியது. ஆனால் அவர் தூங்கி விழித்த நேரங்களை வெளியிலிருந்தவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தால் உடல் ஏறத்தாழ 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டிய ஒரு சுற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. மனம் நாளைத் தவற விட்டாலும் உடல் விடவில்லை.

இந்தக் கடிகாரத்தின் தலைமையிடம் மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள், அவ்வளவுதான். அணுவுக்குள் அது எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களிடம் ஆராய்ந்து கண்ட ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒரு புரதம் இரவில் சேர்ந்து பகலில் கரைகிறது, மறுபடி சேர்கிறது. அந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். படைத்தவன் ஒவ்வோர் அணுவிலும் ஒரு நாளை வைத்திருக்கிறான், சுப்ஹானல்லாஹ்.

இந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்வது வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்காக உள்ள அணுக்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் அறிந்து கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே தனி அணுக்கள் இருப்பது 2002இல் உறுதியானது. அவை நீல நிற ஒளிக்கு மிக எளிதில் இணங்குபவை. காலை வானத்தில் அந்த ஒளி நிறைய உண்டு. செல்போன் திரையிலும் உண்டு. மாலை மங்கியதும் மூளை மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரந்து "இரவு வந்துவிட்டது" என்று உடல் முழுக்க அறிவிக்கிறது. இரவு பதினொரு மணிக்கு முகத்துக்கு நேரே திரையைப் பிடித்தால், அந்த அறிவிப்பைத் தள்ளிப்போடுகிறோம்.

மதுரை வௌவால்கள்

இங்கே நம் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் இந்த உயிர்க் கடிகாரத் துறையில் உலகறிந்த ஆய்வுகள் செய்தவர். கடிகாரமும் பகல் வெளிச்சமும் இல்லாத தனியறை ஒன்றை அமைத்து, அதில் தன்னார்வலர்களைப் பல நாள் தங்கவைத்தும் அங்கே ஆராய்ந்தார்கள். அதைவிட நமக்கு வேண்டியது அவர்கள் குகை வௌவால்களிடம் கண்டது.

வெளிச்சமே எட்டாத குகையின் உட்பகுதியில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்தார்கள். அதே குகையில் வாழும் மற்ற வௌவால்கள் அந்தி சாய்ந்ததும் இரை தேடிப் பறந்து போயின, விடிவதற்குள் திரும்பி வந்தன. கூண்டுக்குள் இருந்தவை சூரியனைப் பார்க்கவில்லை. ஆனாலும் கூட்டம் கிளம்பும் நேரத்தில் அவையும் சுறுசுறுப்பாயின, கூட்டம் திரும்பி அடங்கும்போது அடங்கின. பிறகு, வௌவால்களே இல்லாத வேறொரு குகையில் தனியாக வைத்தபோது அவற்றின் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போனது. இந்த முடிவுகளை மாரிமுத்து, சுப்பராஜ், சந்திரசேகரன் ஆகியோர் 1978இல் வெளியிட்டார்கள்.

சகோதரர்களே, இந்த மேடையில் நாம் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். ஒருவருடைய உறக்கம் அவருடையது மட்டுமல்ல. ஒரு வீட்டின் நேரத்தை வீட்டிலுள்ளவர்கள் சேர்ந்து வைக்கிறார்கள். ஒரு தெருவின் நேரத்தைத் தெரு வைக்கிறது. அத்தா பதினொன்றரைக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டால், ஏழு வயதுப் பிள்ளையிடம் "நீ மட்டும் தூங்கு" என்று சொல்லிப் பயனில்லை. ஆகவேதான் பிள்ளைகளை மட்டும் கூட்டி அறிவுரை சொல்லாமல் ஜமாஅத்தையே கூட்டினோம்.

நம் வீடுகளில்

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பிள்ளைகளுக்குத் தேவையான நேரத்தை வெளியிட்டது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். பெரியவர்களுக்கு 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழ வேண்டிய ஏழு வயதுப் பிள்ளை, குறைந்தது இரவு ஒன்பது மணிக்குக் கண்ணயர்ந்திருக்க வேண்டும்.

பதின்ம வயதினர் விஷயம் வேறு. அந்த வயதில் உடலின் கடிகாரமே ஒரு மணி, இரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. மெலடோனின் தாமதமாகச் சுரக்கிறது. பதினைந்து வயதுப் பையனுக்குப் பத்து மணிக்குத் தூக்கம் வராததும், காலையில் எழுப்ப முடியாததும் முழுக்கச் சோம்பல் அல்ல. அவனைத் திட்டுவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் அந்தத் தாமதத்தின் மேல் செல்போன் இன்னும் இரண்டு மணி நேரத்தைச் சேர்க்கிறது. அது நம் கையில் இருக்கிறது.

அடுத்து நம் வீட்டுப் பெண்கள். பல வீடுகளில் கடைசியாகப் படுப்பவரும் முதலில் எழுபவரும் உம்மாதான். கடையிலிருந்து வருபவருக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவி, மறுநாளுக்கு மாவை எடுத்து வைத்துப் படுக்கும்போது பன்னிரண்டு. சுபுஹு பாங்குக்கு முன் எழுந்து டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். நான்கரை மணி நேரம்கூட மிஞ்சுவதில்லை. இதை ஆண்டுக்கணக்கில் செய்பவர் "தலை கனக்கிறது, சர்க்கரை ஏறிவிட்டது" என்று நம் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வருகிறார். 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களைத் தொடர்ந்து 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க விட்டார்கள். அந்தச் சில நாளிலேயே சர்க்கரையைக் கையாளும் அவர்களின் உடல் திறன் தெளிவாகக் குறைந்தது. இளைஞர்களுக்கே அப்படியென்றால் நாற்பது, ஐம்பது வயதுத் தாய்மாருக்கு என்ன ஆகும்? தாமதமாக வரும் ஆண்கள் தாமே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தால் அது நபிவழிக்கு மாறானது அல்ல. வீட்டு வேலைகளில் பெருமானார் (ஸல்) அவர்கள் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள்.

இரவு வேலை பார்ப்பவர்கள் நம் மஹல்லாவில் நிறைய. காவலர்கள், லாரி ஓட்டுநர்கள், மருத்துவமனை ஊழியர்கள், கம்பெனி ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள். அவர்களுக்கு வேறு வழியில்லை, அது ஹலாலான உழைப்பு. இரவு வேலை உடலின் கடிகாரத்தைக் குலைப்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்தது, 2019இல் மறுபடி உறுதி செய்தது. அவர்களுக்கு நாம் செய்யக்கூடியது, பகலில் அவர்கள் தூங்கும் அறையை இருட்டாக்குவது, அந்த நேரத்தில் ரேஷன் கடைக்கு எழுப்பாமல் இருப்பது, பக்கத்து வீட்டார் சத்தத்தைக் குறைப்பது. ஓட்டுநர் சகோதரர்களுக்கு ஒன்று: இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை உடல் சூடு மிகவும் இறங்கும் நேரம். கண் தானாக மூடும். டீயை நம்பாதீர்கள். வண்டியை ஓரம் நிறுத்தி இருபது நிமிடம் உறங்குங்கள்.

வயதானவர்களுக்கு ஆழ்ந்த உறக்கம் குறைவதும், மூன்று மணிக்கே விழிப்பு வருவதும் இயல்பு. அதை நோயென்று எண்ணி, மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். ஆனால் பலத்த குறட்டையை மட்டும் "நல்லா அசந்து தூங்குறார்" என்று விட்டுவிடாதீர்கள். குறட்டை நடுவில் நின்று, மூச்சுத் திணறி மறுபடி தொடங்கினால், தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறது என்று பொருள். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் அது கெடுதல். காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ காட்ட வேண்டும்.

அமுக்குவது யார்?

நம்மிடம் வருகிற இன்னொரு முறையீடு. "விடியற்காலையில் விழிப்பு வருது, கை காலை அசைக்க முடியல, நெஞ்சில் ஏதோ உட்கார்ந்து அமுக்குது, கத்தினால் சத்தம் வரல." உடனே ஜின் அமுக்குகிறது என்று தகடு, தாயத்து என ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள். ஜின்களின் படைப்பை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். அதில் ஐயமில்லை. ஆனால் இந்த அமுக்கத்துக்குத் தெளிவான ஒரு காரணம் இருக்கிறது.

விழியசைவு உறக்கத்தில் கனவு ஓடும்போது, கனவில் ஓடுவதற்கெல்லாம் நாம் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி, மூளை கை கால் தசைகளைத் தற்காலிகமாகச் செயலற்றதாக்கி வைக்கிறது. மூச்சுக்கும் கண்ணுக்கும் மட்டும் விலக்கு. சிலநேரம் மனம் முன்னதாக விழித்துவிடும், தசைக்கட்டு அவிழச் சிறிது நேரமாகும். கனவின் மிச்சமும் கண்முன் நிற்கும். சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடத்துக்குள் தானே விலகிவிடும். உறக்கம் குறைந்தவர்களுக்கும், நேரம் மாறி மாறித் தூங்குபவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது. படுக்கும்போது ஓத வேண்டிய துஆக்களை ஓதுங்கள், வலப்பக்கம் சாய்ந்து படுங்கள், நேரத்தோடு உறங்குங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பாருங்கள். தாயத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வையுங்கள்.

மார்க்கம் வகுத்த நேரம்

இவையெல்லாம் நமக்குப் புதிய செய்திகள் என்று எண்ண வேண்டாம். அந்நபா அத்தியாயத்தில் உறக்கம் நமக்கு ஓய்வாக ஆக்கப்பட்டதும், இரவு நம்மைப் போர்த்தும் ஆடையாக ஆக்கப்பட்டதும் கூறப்பட்டுள்ளன. இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் அமர்வதையும் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது புகாரீயில் உள்ள அறிவிப்பு. இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு வைத்த தோழரிடம், உம் உடலுக்கும் உம்மிடம் உரிமை உண்டு என்ற கருத்தில் அவர்கள் அறிவுரை கூறியதும் நாம் அறிந்ததே. நபி தாவூத் (அலை) அவர்கள் இரவின் முதல் பாதி உறங்கி, மூன்றில் ஒரு பங்கு நின்று வணங்கி, ஆறில் ஒரு பங்கு மீண்டும் உறங்கினார்கள். ஆழ்ந்த உறக்கம் இரவின் முற்பகுதியில் வருகிறது என்று முன்பு பார்த்தோம் அல்லவா? தஹஜ்ஜுதுக்கு எழ வேண்டுமானால் அந்த முதல் பாதியை உறங்கியிருக்க வேண்டும். ஒரு மணிக்குப் படுத்தவருக்குத் தஹஜ்ஜுதும் இல்லை, பல நாள் சுபுஹு ஜமாஅத்தும் இல்லை.

நம் ஊரின் இருப்பிடமும் ஒரு அருட்கொடை. வட ஐரோப்பாவில் கோடையில் இஷா நள்ளிரவை ஒட்டி வரும், சில மணி நேரத்தில் ஃபஜ்ரும் வந்துவிடும். அங்கே வாழும் சகோதரர்கள் அதற்காகவே சிரமப்படுகிறார்கள். நமக்கோ நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. ஆண்டு முழுவதும் எட்டரை மணிக்குள் இஷா ஜமாஅத் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சுபுஹு வரை போதுமான இரவு நமக்கு இருக்கிறது. சுபுஹு தொழுதுவிட்டுப் பத்து நிமிடம் திறந்த வெளியில் நடந்து வீடு திரும்பினால், காலை வெளிச்சம் கண்ணில் பட்டு அன்றைய கடிகாரம் சரியாகிவிடும்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் எல்லோருக்கும் ஒரு சோர்வு வரும். சாப்பாடு மட்டும் காரணம் இல்லை, உடலின் சுற்றிலேயே அந்த இறக்கம் உண்டு. அதற்குக் கைலூலா என்ற சுன்னத்து இருக்கிறது. இருபது, முப்பது நிமிடம் போதும். அதைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய், எழும்போது தலை பாரமாகும். இரவுத் தூக்கமும் தள்ளிப்போகும்.

வரும் ரமளானில்

தராவீஹ் முடித்துப் பத்து மணிக்குப் படுத்தால் ஸஹருக்கு எழும்வரை ஏறத்தாழ ஆறு மணி நேரம் கிடைக்கும். மிச்சத்தைக் கைலூலா ஈடு செய்யும். தெருவிளக்கில் கிரிக்கெட்டும், ஸஹர் வரை கடைவீதியும் என்றால் அந்த முதல் உறக்கம் போய்விடுகிறது. சுபுஹுக்குப் பின் பத்து மணி வரை தூங்கினாலும் அது ஈடாவதில்லை, காலை வெளிச்சமும் கிடைப்பதில்லை. இபாதத்துக்காக விழித்திருப்பவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. கடைசிப் பத்து இரவுகளின் சிறப்பு நமக்குத் தெரியும். அந்த இரவுகளில் நின்று வணங்கத் தெம்பு வேண்டுமானால், முதல் இருபது இரவுகளை அரட்டையில் கரைக்காமல் இருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்கள் மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு இப்போதே மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

கமிட்டியின் முடிவுகள்

ஒன்று. பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் மக்தப் காலை ஆறரை மணியிலேயே தொடரும். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோரின் வகுப்பு, ஷவ்வால் மாதத்திலிருந்து அஸருக்குப் பின் மாற்றப்படும். சிறுவர்களை ஒன்பது மணிக்குள் உறங்க வைப்பது பெற்றோர் தரவேண்டிய வாக்கு.

இரண்டு. நம் அறக்கட்டளையின் திருமண மஹாலில் எந்த நிகழ்ச்சியும் இரவு பத்து மணிக்கு முடிய வேண்டும். பத்தரைக்கு விளக்கு அணைக்கப்படும். இதனால் சில முன்பதிவுகள் வேறு மண்டபங்களுக்குப் போகலாம் என்று பொருளாளர் எச்சரித்தார். மஹால் வாடகையிலிருந்துதான் உதவித்தொகை கொடுக்கிறோம், ஆகவே அது லேசான விஷயம் அல்ல. தெரிந்தேதான் கமிட்டி ஒருமனதாக இதை எடுத்தது. நிகாஹ் விருந்தைப் பகலில் வைப்பவர்களுக்கு வாடகையில் சலுகை உண்டு.

மூன்று. இஷாவுக்குப் பின் நடக்கும் பயான் நிகழ்ச்சிகள் ஒன்பதே காலுக்குள் முடியும். வெளி ஒலிபெருக்கி பாங்குக்கு மட்டும். மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் நம் மேடையிலிருந்தே இது தொடங்குகிறது.

நான்கு. இது உத்தரவு அல்ல, வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் இரவு ஒன்பது மணிக்குச் செல்போன்களைக் கூடத்தில் ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். அத்தாவின் போனும் அதில் இருக்க வேண்டும். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் செயலைத்தான் பார்க்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து மக்தப் உஸ்தாதிடம் மறுபடி கேட்போம், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று. அவர் சொல்வதை இதே இதழில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் இரவுகளை ஓய்வாகவும் பகல்களை ஹலாலான உழைப்பாகவும் ஆக்குவாயாக. எங்கள் பிள்ளைகளின் நெஞ்சங்களில் உன் வேதத்தைப் பதியச் செய்வாயாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், இரவில் உழைப்போருக்குப் பாதுகாப்பையும் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.